சிஞ்ஞோராவின் மாரிக் கார்

தொண்ணூறுகளில் ஒரு நவம்பர். தீராத மழை இத்தாலியின் பலேர்மோ நகரைக் கழுவிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு தமிழர். இளையவன் சொன்னான்:

"நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோரா காருக்கு இன்சூரன்ஸ் கட்டிப்போட்டா அண்ணை. எனக்கு இனி வீடில்லை."

"என்னடா கதைக்கிறாய்?"

"அவவுக்கு ரெண்டு கார். அதிலை ஒண்டு மாரியிலை மலைவீட்டுக்குப் பனிக்குள்ளாலை போக மட்டும். மிச்ச நாள் இன்சூரன்ஸ் இல்லாமல் கராஜிலை நிக்கும். நான் களவா அதுக்குள்ளைதான் படுக்கிறன்."

"ஓடாமல் கிடந்த கார் ஸ்டார்ட் வந்ததோ?"

"நான் ஞாயிறு தவறாமல் பூசை முடிய ஸ்டார்ட் பண்ணி வைச்சனான். நேற்று முதல் தரமே பிடிச்சிட்டுது. 'பிராவோ' எண்டு கை தட்டினா."

"விசரா! பற்றறியைச் சாக விட்டிருந்தா இந்த மாரி முழுக்க அங்கையே கிடந்திருப்பாய். ஏனடா அதைக் கவனிச்சனி?"

"என்ரை வீடெல்லோ அண்ணை."

மூத்தவர் வெளியே பார்த்தார். "என்ரை ஒற்றை அறையிலை மனிசி, மூண்டு பிள்ளையள்…"

"ஓம், தெரியும். உங்கடை கபோச் சந்தை வந்திட்டுது, இறங்குங்கோ."

அவர் இறங்கினார். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் விளக்கை அணைத்த பிறகும் இளையவன் எழவில்லை.