குரலோடு காலையும் சேர்த்த குமரகுரு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, மேடையிலிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் சக்கர நாற்காலிகளில் வந்திருக்கும் என் சொந்தங்களே! இந்த நினைவேந்தல் கூட்டத்தில் அன்புச்செல்வியின் வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான நம் கணினி மையத்தில், ஐயா குமரகுரு அவர்களோடு பதினொரு ஆண்டுகள் ஒரே அறையில் வேலை பார்த்தவள் நான். இன்று அந்த அறையில் நான் ஒருத்திதான். காலையில்கூடப் பழக்கதோஷத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டேன்.

எப்பேர்ப்பட்ட மனிதர் அவர்! கைகள் விளங்காத நம் மாணவி ரஞ்சனிக்குக் குரலால் தட்டச்சு செய்யச் சொல்லித்தந்தோம். மையத்தில் நன்றாக வந்தது. வீட்டிலோ நான்கு விசைத்தறிகள்! ரஞ்சனி ஒன்று சொல்ல, கணினி வேறொன்றை எழுதியது.

"ஏனுங்க சார், இந்தத் தறிச் சத்தத்துல நாங்க பேசறதே எங்களுக்குக் கேக்காதுங்க. பாவம், அது மட்டும் என்னங்க பண்ணும்?" என்றார் ரஞ்சனியின் தாயார்.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? தறியை நிறுத்தச் சொல்லியிருப்பார். நம் ஐயா சொன்னாரா? இல்லை! மறுவாரம், காலால் அழுத்தும் சுவிட்சு ஒன்றோடு போய் நின்றார். ரஞ்சனி சொல்வதைக் கணினி நான்கு விதமாக, ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் காட்டும். சரியானது வரும்போது கால் அழுத்தும். "ஒண்ணையே நம்பி ஒருத்தரை உக்கார வெக்கக் கூடாதுங்க" என்பார் ஐயா. இன்று ரஞ்சனி இ-சேவை மையம் நடத்துகிறார்.

அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போனது. வலது பக்கம் முழுவதும் விழுந்தது. இடது கையில் குளுக்கோஸ் ஊசி. மனைவி மக்கள் இல்லாத மனிதர். மருத்துவமனையில் கிடந்த ஒன்பது நாளும் கட்டிலருகே இருந்தவள் நான் மட்டும்தான். என்ன செய்தேன் தெரியுமா? "சார், ஒரு வார்த்தை பேசுங்க சார்" என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய இடது கால் கட்டில் கம்பியைத் தட்டியது. மீண்டும் மீண்டும் தட்டியது! குளிர்கிறது போலும் என்று போர்வையை இழுத்து மூடினேன்.

பத்து நிமிட தூரத்தில், என் மேசை டிராயரில் அதே கால் சுவிட்சு இருந்தது, சொந்தங்களே! அந்த வேலையே செய்து பிழைக்கிற எனக்குத் தோன்றவில்லை. எரியூட்டிவிட்டு வந்த பிறகுதான் தோன்றியது. என்ன சொல்ல நினைத்தாரோ, இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

உங்கள் முன் உறுதி கூறுகிறேன். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும், கணினியையும் சுவிட்சுகளையும் தூக்கிக்கொண்டு அதே வார்டுக்குப் போவேன். பேச்சிழந்து கிடப்பவர்களிடம் கால்மாட்டிலிருந்து தொடங்குவேன். துணைக்கு வருபவர்கள் வாருங்கள், வராவிட்டாலும் போவேன்.

ஐயா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதில் சொல்ல உங்களுக்கு நான் வழி வைக்கவில்லையே!