ஐந்து ஓட்டைச் சக்கரம்

பழைய கார் சக்கரத்தை அளக்கும்போது பெரும்பாலோர் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள் ஐயா. டேப்பை ஒரு விளிம்பின் நுனியில் வைத்து, எதிர் விளிம்பின் நுனிவரை இழுத்து, பதினாறு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். டயர் எந்த இடத்தில் உட்காருகிறதோ, விளிம்புக்கு உள்ளே தாழ்ந்திருக்கும் அந்தப் படியில்தான் அளக்க வேண்டும். அங்கே அளந்தால் அதே சக்கரம் பதினைந்து அங்குலம்தான்.

என் பெயர் மாதப்பன். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக, செய்த பொருள்களை அளந்து பார்த்து அனுப்பும் வேலை. எழுதிக்கொள்ளும் ஏட்டையா கொள்ளேகால்காரர் என்பதால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கன்னடத்தில் மாற்றிக்கொள்வார். எண்களை மட்டும் மாற்ற வேண்டாம்.

என்னிடம் நான்கு சக்கரங்கள் இருக்கின்றன. ஐம்பத்தாறாம் வருடத்து டாட்ஜ் காருக்கு உரியவை. கார் என்னிடம் இல்லை. எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். கார் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். ஒரே மாதத்தில் செய்த ஐந்து சக்கரங்கள் கிடைப்பதுதான் கஷ்டம். நான்கு ஓடுவதற்கு, ஒன்று ஸ்டெப்னிக்கு. என்னுடைய நான்கிலும் காற்றடிக்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் 3-56 என்று குத்தியிருக்கிறது. மார்ச் மாதம்.

முதல் சக்கரத்தின் மேல் தேவராஜ மார்க்கெட்டில் லிங்கம்மா என்கிற வெற்றிலைக்காரி உட்கார்ந்திருந்தாள். இரண்டாவதில் சாமராஜநகரில் ஒரு மாட்டைக் கட்டியிருந்தார்கள். மூன்றாவதில் ஆட்டோ ஸ்டாண்டின் கொடிக்கம்பம் நின்றது. நான்காவது எங்கள் கேண்டீன் தண்ணீர் டிரம்முக்கு அடியில் இருந்தது. எதையும் நான் சும்மா எடுத்ததில்லை. லிங்கம்மாவுக்கு முக்காலி, மாட்டுக்கு ஒரு கல், கம்பத்துக்கு சிமெண்டு வாளி, டிரம்முக்குச் செங்கல் என்று பதிலுக்கு ஒன்று வைத்துவிட்டுத்தான் எடுத்தேன். மாடு கல்லையும் இழுத்துக்கொண்டு நஞ்சன்கூடு ரோட்டில் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் கல் வைத்தேன்.

சக்கரங்களைப் படுக்கையறையில் வைத்திருக்கிறேன். என் மனைவி பஞ்சவர்ணம் முதலில் சமையலறையில் படுத்தாள். பிறகு அனூரில் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். "ஏனுங்க, காரில்லாத சக்கரத்தோட குடித்தனம் பண்ண எனக்குத் தெரியாதுங்க" என்று சொன்னாள். அவள் போன பிறகு இடம் தாராளமாக இருக்கிறது.

தொட்டையனைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் அவனுக்கு ஒரு மெக்கானிக் ஷெட் உண்டு. நல்ல பையன், வேலைக்காரன். ஒருமுறை டீக்கடையில் வைத்து என் மூன்றாவது சக்கரத்தின் மேல் தன் டேப்பை விளிம்புக்கு விளிம்பு இழுத்துக் காட்டி, "அண்ணா, பதினாறுக்கு மேலயே இருக்குதுங்க, நீங்க பதினஞ்சுங்கறீங்க" என்றான். நான் விளக்கினேன். "சக்கரம்னா உருண்டாப் போதும்ணா" என்றான். ஒன்பது பேர் சிரித்தார்கள். எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. தொண்ணூற்றைந்து நவம்பர் ஒன்பதாம் தேதி, மாலை நாலு இருபது.

போன வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் என் ஸ்கூட்டரின் பிரேக் ஒயருக்காக ஷெட்டுக்குப் போனேன். அங்கே வேலை செய்பவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தொட்டையன் மட்டும் ஒரு அம்பாசிடருக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தான். கால் இரண்டும் வெளியே நீட்டியிருந்தன. முன்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பழைய ரிம்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து வண்டியை அதன்மேல் நிறுத்தியிருந்தான். எல்லா ஷெட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள். இடப்பக்கம் அடியில் இருந்த ரிம்மைப் பார்த்ததும் விரலை உள்ளே விட்டுப் போல்ட் ஓட்டைகளை எண்ணினேன். ஐந்து. துருவுக்கு நடுவே குத்திய எண் பாதி தெரிந்தது. மூன்று போலத்தான் இருந்தது.

"தொட்டையா, இந்த அடி ரிம் எனக்கு வேணும்" என்றேன்.

"யாரு, மாதப்பண்ணாவா? எடுத்துக்கங்ணா, உங்களுக்கு இல்லாததா. ஸ்வல்ப இருங்க, அரை மணி நேரத்துல வண்டிய இறக்கிடறேன்."

மனமுவந்து கொடுத்தான் என்பதை ஏட்டையா தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பதினோரு நிமிடம் காத்திருந்தேன். எனக்கு மொத்த இடைவேளையே நாற்பது நிமிடம்தான். மூலையில் ஒரு பியட் ரிம் கிடந்தது. பதிலுக்கு அதை வைக்கலாம் என்று அதன் அகலத்தை அளந்தேன். டாட்ஜ் ரிம்மைவிட ஒரு அங்குலம் குறைவு. அளக்காமல் வைத்துவிட்டான் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. ஒரு அங்குலம் குறைவு என்று நன்றாகத் தெரிந்துதான் வைத்தேன். ஜாக்கைக் கொடுத்து வண்டியைக் கொஞ்சம் தூக்கினேன்.

"அண்ணா, யாரு ஜாக் போடறது?"

"நான்தான். நீ உன் வேலையப் பாரு."

"பேடண்ணா, வேணாம். பின் சக்கரத்துக்குக் கல்லுகூடக் குடுக்கல. நகர்ந்துரும். நான் வெளிய வந்துடறேன், இருங்க."

நான் அதற்குள் ரிம்மை மாற்றிவிட்டிருந்தேன். ஜாக்கை இறக்கி வெளியே எடுத்தேன். வண்டி ஒரு அங்குலம் இறங்கியது. பிறகு பக்கவாட்டில் சரிந்து, நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறங்கியது. அவன் கால்கள் இரண்டு முறை உதைத்தன. செருப்பு ஒன்று என் பக்கம் வந்து விழுந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தேன்.

ஜாக் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஸ்டூல் எதுவும் இல்லாததால் அதன்மேல் உட்கார்ந்தேன் என்று சொல்வதுதான் சரியாக இருக்கும்.

ஐந்து ஓட்டைச் சக்கரத்தில் எந்த ஓட்டைக்கும் நேர் எதிரே இன்னொன்று இருக்காது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து, ஒன்று புள்ளி ஏழால் பெருக்கினால்தான் ஓட்டை வட்டத்தின் குறுக்களவு வரும். என் பையில் எப்போதும் இருக்கும் வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். அறுபத்தேழு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். டாட்ஜ்தான். அப்போது அவன், "அண்ணா, ஜாக்கு" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். கேட்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வெர்னியருக்கு இரண்டு கையும் தேவை. எங்கள் தொழிற்சாலையில் மூன்று முறை அளக்காத எதையும் அளவு என்று ஒப்புக்கொள்வதில்லை. இரண்டாம் முறை அளந்தேன். அறுபத்தேழு புள்ளி இரண்டு. "அண்ணா" என்று மட்டும் சொன்னான்.

பிறகு கம்பி பிரஷ்ஷால் குத்தியிருந்த எண்ணின் மேல் துருவைத் தேய்த்தேன். அது மூன்று இல்லை, எட்டு. ஆகஸ்டு மாதத்துச் சக்கரம். எனக்கு உபயோகம் இல்லை. ஏமாற்றமாக இருந்தது, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. துடைத்து அவன் பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டேன். ஆகவே திருட்டு என்று நீங்கள் எழுதியிருப்பதை அடிக்க வேண்டும்.

பத்து நிமிடத்துக்குள் வண்டியைத் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அவர் படித்தவர்.

பெஞ்சின் மேல் வைப்பதற்கு முன்னால் மூன்றாம் முறையும் அளந்தேன். ஏட்டையா பேனாவை வைத்துவிட்டு இப்போது அதைத்தான் கேட்கிறார். சக்கரம் உனக்கு ஆகாது என்று தெரிந்த பிறகு மூன்றாவது அளவு எதற்கு மாதப்பா என்கிறார். நியாயமான கேள்வி. முதல் இரண்டும் ஒன்றாகவே வந்திருந்தன, மூன்றாவது தேவையே இல்லை. அவன் குரல் நிற்கும்வரை என் கைகளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.