கரைச் சுவர்

செடிகொடிகள் மேல் எனக்கு வெறுப்பெல்லாம் கிடையாது, ஐயா. நான் கொத்தனார். படிப்பு ஏறவில்லை. செங்கல்லை நம்புவேன், மனிதர் பேச்சை அவ்வளவாக நம்பமாட்டேன்.

மகன் ஏரிக்கரையில் வீடு கட்டினான். பின்பக்கம் மண்சரிவு. தடுப்புச் சுவர் நானே எழுப்பித் தருகிறேன் என்றேன். மருமகள் தோட்டம் வடிவமைக்கிறவள். வேண்டாம் என்றுவிட்டாள்.

“கோரையும் நாணலும் வெச்சா வேரே மண்ணைப் பிடிச்சுக்கும் மாமா. சுவர் கட்டினா தவளைகூட ஏற முடியாது.”

“தவளைக்கு ஒரு ஏணி வெச்சுக் குடுத்துடறேன்.”

அவள்தான் முதலில் சிரித்தாள். மகனும் சேர்ந்துகொண்டான். அந்தச் சிரிப்போடு என் சுவர் போயிற்று.

கரையில் நட்ட செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை என்னிடம் கொடுத்தாள். விஷம் ஏரியில் கலக்கக் கூடாது என்று, வீட்டிலிருந்த களைக்கொல்லியை அப்புறப்படுத்தச் சொன்னாள். நான் செய்யவில்லை. அதைப் பூவாளியில் கலந்து நாணலுக்கு ஊற்றிவந்தேன்.

“நீங்க பாத்துக்கறதால எனக்குக் கவலையே இல்ல மாமா” என்று டீ கொண்டுவந்து தருவாள். வாங்கிக் குடிப்பேன்.

இலைகள் மஞ்சளாயின. வேர் அழுகியது. மழையும் பிடித்துக்கொண்டது. செடிக்கு என்ன நோய் என்று பார்க்க அவள் கரையோரம் போனாள். அடியில் பிடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. கரை அவளோடு சரிந்தது.

இடுப்பளவு சேற்றில் மாட்டிக்கொண்டு, “மாமா, கழியை நீட்டுங்க” என்றாள். நீளமான கழி என் கையில்தான் இருந்தது.

“இப்பச் சொல்லு. சுவர் வேணுமா, வேண்டாமா?”

விளையாடுகிறேன் என்றுதான் முதலில் நினைத்திருப்பாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“வேணும் மாமா.”

அதற்குள் மேல்மண்ணும் பெயர்ந்து அவள்மேல் விழுந்தது. கழியை அப்புறம்தான் நீட்டினேன்.

“நீங்க அப்பவே சொன்னீங்கப்பா, நாங்கதான் கேக்கல” என்று மகன் என் தோளில் விழுந்து அழுதான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று இன்றுவரை தெரியவில்லை.

நான் செய்தது கொலைதான். எழுதிக்கொள்ளுங்கள். இப்போது அங்கே சுவர் நிற்கிறது, நானே கட்டினேன். தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், நூலளவு சாய்வு இருக்காது. அதை மட்டும் இடிக்கச் சொல்லாதீர்கள், ஐயா. அவளே வாய்திறந்து கேட்ட சுவர் அது.