பூச்சிக்கு ஸ்பொன்சர்

எனக்கு எழுத்து வடிவாக வராது, கேட்டதில் பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் குடியேறி வந்த இந்தக் குளிர்நாட்டு நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பக்கம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் யுனிவர்சிட்டியில் படிக்கும் ஒரு பெண்ணும், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் அவளுடைய தமையனும் இருந்தார்கள்.

“அண்ணை, இன்னும் ஒரு பூச்சிக்குத்தான் இடம் இருக்கு,” என்றாள்.

“பஸ்ஸிலையோ?”

“பகிடி விடாதேங்கோ. இலங்கையில எந்தத் தண்ணிப் பூச்சியளை முதல் காப்பாத்த வேணுமெண்டு பட்டியல் போடோணும். பத்துத்தான் எழுதலாம். ஒன்பது எழுதிட்டன். பின்னேரம் வகுப்பில குடுக்கோணும்.”

“ஊரில இருக்கிற ஆக்களை ஸ்பொன்சர் பண்ணி இஞ்ச கூப்பிடுற மாதிரி. எல்லாரையும் ஒரேயடியாய்க் கூப்பிடேலாது. இப்ப ஆர் ஆர் வரிசையில நிக்கினம்?”

“ஒண்டு நீலத் தும்பி, நல்ல வடிவு. நாலைஞ்சு ஆத்தில இருக்கு. மற்றது மண்நிறப் பூச்சி. மலைக்காட்டில ஒரேயொரு ஓடையில, கல்லுக்குக் கீழ இருக்கும்.”

“தும்பியைப் போடு. மற்றதை ஆர் பாக்கப்போகினம்?”

“அந்த ஓடை வத்தினா அதுக்குப் போக வேற இடமில்லை, அண்ணை.”

தமையன் அவளுடைய பட்டியலை விரலால் தட்டினார்.

“இதைத்தானே நானும் இமிகிரேசனில சொன்னனான். அதையே போடு. பேர் என்ன?”

“இன்னும் ஒருத்தரும் பேர் வைக்கேல்லை.”

“பேரில்லாட்டி ஃபோர்மைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களடி! என்ரை பேரை எழுது.”

அவள் சிரித்துக்கொண்டே பென்சிலால் எதையோ எழுதினாள். எட்டிப் பார்க்க எனக்கு வெட்கம். அப்படியொரு பூச்சி உண்டா, அதற்கு என்ன பெயர் விழுந்தது என்று படித்த பிள்ளைகள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.