கை படாத ஈயம்

"பெரியப்பா, இந்தக் கிட்டார் கடிக்குமா?" என்று அந்தக் குழந்தை கேட்டாள். கம்பியைத் தொட்ட விரலை வாயில் வைத்திருந்தாள்.

"சேட்டை பண்ற பிள்ளைங்களை மட்டும் கடிக்கும்" என்றேன். அவளும் அவள் அப்பாவும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதையும் மறைப்பது எனக்குப் பிடிக்காது.

பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களுக்கு வயதும் விலையும் சொல்வது என் தொழில். கழுத்துப் பகுதியைக் கழற்றினால் செய்தவர் பென்சிலால் எழுதிய தேதி தெரியும். ஆனால் கழுத்தையே மாற்றிப் பூட்டிவிடும் கில்லாடிகள் உண்டு. நான் நம்புவது உள்ளே ஒயர்களைப் பற்றவைத்த ஈயத்தைத்தான். அன்று வைத்த ஈயம் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். பிறகு யாராவது சூடு காட்டியிருந்தால் பளபளக்கும், மதிப்பு பாதியாகிவிடும்.

குழந்தையின் அப்பா மேடைப் பாடகர். மாமனார் விட்டுப்போன கிட்டாரும் அதனோடு வந்த ஆம்ப்ளிபையர் பெட்டியும் கை படாமல் இருந்தன. ஜோடியாக வாங்க ஒருவரை நானே பிடித்து வைத்திருந்தேன். விற்றால் அந்தக் குடும்பம் சொந்த வீட்டுக்குப் போய்விடலாம்.

"அண்ணே, கடைசியா ஒரு கச்சேரி இதுல வாசிச்சிட்டுக் குடுத்துடறேன். லேசா ஷாக் அடிக்குது, ஒயரை மட்டும் மாத்திக்கட்டுமா?"

"மாத்தினா அது வெறும் மரக்கட்டை தம்பி. கை வெச்சிடாதப்பா."

"கை வெக்காம எப்படிண்ணே வாசிக்கிறது?" என்று கேலி செய்தார்.

பெட்டியின் பின்பலகையைக் கழற்றியபோதே பார்த்திருந்தேன். வீட்டு மின்சாரம் கம்பிக்கு வராமல் தடுக்கும் கெப்பாசிட்டர் வெடித்து மெழுகு வழிந்திருந்தது. பிளக்கில் எர்த் கிடையாது. சான்றிதழில் 'அசல் பாகம்' என்று எழுதினேன். அது உண்மைதான்.

என்றாலும் மனம் கேட்கவில்லை. புது ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிப்போய், "மேடையில இதைப் போட்டுக்க" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. செருப்பு காலுக்குத்தான் காவல், மைக்கைத் தொடும் உதட்டுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எத்தனையோ பேர் மைக்கைவிட்டுத் தள்ளி நின்று பாடுகிறார்கள். அவரும் அப்படிப் பாட வேண்டும் என்று பிரார்த்தனைகூடச் செய்தேன்.

அவர் நெருங்கி நின்று பாடினார். விரல்கள் கம்பியில் இருக்கும்போதே உதடு மைக்கில் பட்டது. புதுச் செருப்போடுதான் விழுந்தார்.

எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, பெட்டியை நான் பின்னறைக்குக் கொண்டுபோனேன். இனி ஒருவரையும் அது கடிக்கக் கூடாது. அவருக்கு அந்த அளவாவது நான் கடன்பட்டிருந்தேன். கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு, எர்த் உள்ள புது ஒயரைப் பற்றவைத்தேன். அந்த ஒயர் கச்சேரிக்கு வரும்போதே என் பையில் இருந்தது.

அவர் பிழைக்கவில்லை. மறுநாள் பெட்டியைச் சோதித்த மின் ஆய்வு அதிகாரி பழுது இல்லை என்றார். உள்ளே ஈயம் பளபளத்தது. ஈயத்தைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

"சார், என் ஒயரிங்ல தப்பு இல்ல சார். அந்தப் பெட்டியை இன்னொரு வாட்டி பாருங்க சார்" என்று கச்சேரி நடந்த மண்டபத்து எலெக்ட்ரீஷியன் கெஞ்சினார். இன்னொரு முறையும் பார்த்தார்கள். பிறகு அவரைக் கைது செய்து கொண்டுபோனார்கள். இன்னும் விடவில்லை.

பிரார்த்தனைக்குக் கை கூப்பினால் இப்போதெல்லாம் விரல்நுனி சுருக்கென்கிறது. குழந்தை கேட்டது காதில் விழுகிறது. அதனால் வாரந்தோறும் எலெக்ட்ரீஷியன் வீட்டு வாசலில் ஒரு மளிகைப் பையை வைத்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் திரும்பிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் வைப்பேன். செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது. என் கடனைச் சத்தமில்லாமல் தீர்த்துவருகிறேன்.

கழற்றிய கெப்பாசிட்டரையும் பழைய ஒயரையும் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். அதிகாரியிடம் கொடுத்தால் அந்த மனிதர் பொழுது சாய்வதற்குள் வீடு வந்துவிடுவார். கொடுத்திருப்பேன். ஆனால் அந்த அலுவலகச் சுவரெல்லாம் ஓதம். அசல் பாகங்கள் தாங்காது.