நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு யார் பொறுப்பு?

— பதில் சொல்லும்மா. சர்வரை வாங்கி நம்ம வீட்டு மாடிப்படிக்குக் கீழ வெச்சது நீ. மாடிக்கும் கீழுக்கும் வயர் இழுத்தது நீ. "இனிமே ஒரே ஃபைலை நீங்களும் அப்பாவும் அவங்கவங்க அறையிலேயே உக்காந்து பார்க்கலாம் பெரியப்பா"ன்னு சொன்னது நீ. இப்ப இந்த நாற்பத்தொண்ணாம் பக்கத்தைப் பாரு.

— பார்த்தேன் பெரியப்பா.

— சத்தமாப் படி. அச்சகக்காரரும் கேக்கட்டும்.

— எனக்கெதுக்குங்கய்யா? அச்சடிச்சதே நான்தானே. பதினோரு மணிக்கு வண்டி வந்துடும். முந்நூறு புத்தகத்தையும் கட்டணும். நான் போய்க் கட்டட்டுங்களா?

— ஒரு கட்டு கூட நகரக் கூடாது. நில்லுங்க. நீ படிம்மா.

— "எங்கள் கம்பெனியின் முதல் பம்பை வரைந்தவர் அப்பா என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வரைந்தவள் என் தங்கை. அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது..."

— போதும், போதும்.

— நீங்கதானே சத்தமாப் படிக்கச் சொன்னீங்க!

— "என் தங்கை"யாம்! நான் எழுதற கம்பெனி வரலாறு, என் குரல்லயே எழுதி நுழைச்சிருக்கான் பாரு உங்கப்பன். கூடப் பிறந்த தம்பி செய்யற வேலையா இது?

— ஐயாவுக்குத் தங்கச்சி இருக்காங்களா? இருபது வருஷமா உங்க காலண்டர், பில் புக்கு எல்லாம் நான்தான் அடிக்கிறேன். கேள்விப்பட்டதே இல்லையே.

— நீங்க உங்க பசை டப்பாவைப் பாருங்க.

— அத்தை போட்டிக் கம்பெனி மெக்கானிக்கைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க அண்ணே. நாற்பத்திரண்டு வருஷம் ஆச்சு. அதுலேருந்து வீட்டில அவங்க பேச்சே கிடையாது.

— அட, அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்.

— அவ்வளவுதானாவா? கேளுங்க. அப்பா கடைசிப் படுக்கையில கிடந்தப்ப என் சித்தப்பாவைச் சாட்சியா வெச்சு வாக்குக் குடுத்திருக்கேன். அவ பேச்சை வாயால எடுக்க மாட்டேன், கையால எழுதவும் மாட்டேன்னு. இன்னிக்குச் சாயங்காலம் கம்பெனி விழாவில இந்தப் புத்தகத்தைக் குடுக்கிறப்ப அந்தச் சித்தப்பாதான் முதல் வரிசை. எண்பத்தெட்டு வயசு, கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிறார். "வாக்கு என்னடா ஆச்சு?"ன்னு சபையில கேட்டா, நான் மூஞ்சியை எங்கே கொண்டு போய் வெச்சுக்கிறது?

— சின்னத் தாத்தா கேப்பார். நிச்சயம் கேப்பார்.

— எரியற நெருப்பில எண்ணெய் ஊத்தாதே. இது எப்படி உள்ளே போச்சுன்னு சொல்லு.

— முதல்ல நீங்க சொல்லுங்க. ஃபைலை என்ன பண்ணினீங்க?

— போன செவ்வாய்க்கிழமை உங்கப்பன் வந்து நின்னான். "அக்காவைப் பத்தி ஒரே ஒரு பக்கம் போடுங்கண்ணா"ன்னான். முடியாதுன்னுட்டேன். படம் ஒட்டறதுக்காக ஃபைலை அவனும் திறக்கிற மாதிரி விட்டிருந்தேனே, இனி அவன் கை சும்மா இருக்காதுன்னு தோணிச்சு. அன்னிக்கே ஃபைலை வேற ஃபோல்டருக்கு மாத்திட்டேன். பேரையும் மாத்திட்டேன்.

— என்ன பேரு வெச்சீங்க?

— பழைய கரண்ட் பில்.

— பெரியப்பா!

— சிரிக்காதே. புது கரண்ட் பில்லையே நம்ம வீட்டில யாரும் பிரிச்சுப் பார்க்கிறதில்லை. பழசை எவன் பார்ப்பான்?

— சரி, நீங்க பேரை மாத்தினப்ப, மாடியில அப்பா கம்ப்யூட்டர்ல அந்த ஃபைல் மூடியிருந்ததா?

— உங்கப்பன் எதை மூடியிருக்கான்? பேஸ்ட் டப்பாவுக்கே மூடி போட மாட்டான்.

— அங்கதான் விஷயம். அவர் திறந்தது திறந்தபடி இருந்திருக்கு. நீங்க மாத்தினது அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் பாட்டுக்கு எழுதிச் சேமிச்சிருக்கார். எல்லாம் நேரா உங்க கரண்ட் பில்லுக்குள்ள போய் விழுந்திருக்கு.

— எப்படி விழும்? அவனுக்குத் தெரிஞ்ச பேருல அங்க ஃபைலே இல்லையேம்மா!

— சர்வருக்குள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கு பெரியப்பா. நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோர்மன் மாதிரி. அவரைக் கேக்காம எதுவும் நகராது. ஆனா அவருக்கு ஃபைலோட பேரு ஒரு பொருட்டே இல்லை.

— பேரு பொருட்டில்லையா? பேருக்காகத்தான் நம்ம குடும்பம் நாற்பத்தஞ்சு வருஷமா உயிரைக் குடுத்துக்கிட்டிருக்கு!

— கோச்சுக்காதீங்க. நம்ம ரிப்பேர் ஷெட்டையே எடுத்துக்கோங்க. ரிப்பேருக்கு வர்ற பம்புக்கு என்ன அடையாளம் வெக்கிறோம்?

— டோக்கன் குடுப்போம். எந்த ஷெட், எந்த ஸ்டாண்டுன்னு அதுல இருக்கும்.

— ஏன், சொந்தக்காரர் பேரை எழுதிட்டுப் போகலாமே?

— பேரை நம்பினா கெட்டோம். ஒரே பேருல நாலு பேர் வருவான். பம்பு இங்க கிடக்கிறப்பவே அங்க பங்காளி பிரிஞ்சு கடைப் பேரை மாத்திடுவான்.

— கெர்னலும் அதே கட்சிதான். அப்பா முதல் தடவை பேரைச் சொல்லித்தான் ஃபைலைக் கேட்டார். உடனே கெர்னல் அவர் கம்ப்யூட்டர்கிட்ட ஒரு டோக்கன் குடுத்துடுச்சு. எந்த டிஸ்க், அதுல எத்தனாம் நம்பர் ஃபைல்னு. அதுக்கப்புறம் மாடியிலேருந்து வர்றதெல்லாம் டோக்கன்தான். பேரே வராது. நீங்க பேரை மாத்தினீங்க, ஃபோல்டரை மாத்தினீங்க. அது ரிஜிஸ்டர்ல ஒரு பக்கத்தில அடிச்சுட்டு இன்னொரு பக்கத்தில எழுதின மாதிரி. பம்பு ஸ்டாண்டை விட்டு ஒரு அங்குலம் நகரலை.

— ஐயா, நீங்க ஆள் வர்றான்னு வாசல் போர்டை மாத்தியிருக்கீங்க. அவர் வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்திருக்கார்.

— உங்களை யாரு கேட்டா? ஏம்மா, நகல் எடுத்து வெச்சுக்கிட்டுப் பழசை அழிச்சிருந்தா?

— தப்பிச்சிருப்பீங்க. அப்பா சேமிக்கப் போனா, டோக்கன் செல்லாதுன்னு திருப்பி அனுப்பியிருக்கும்.

— ஒரு நிமிஷம். அழிச்சா அந்த நம்பர் காலி. காலி இடத்தில நாளைக்கு வேற ஃபைல் வந்து உக்காராதா? உங்கப்பன் பழைய டோக்கனை நீட்டி அதுல கை வெச்சுட்டா?

— இதைத்தான் எங்க ஆபீசுக்கு வேலை கேட்டு வர்றவங்ககிட்ட நான் கேக்கிறேன். பாதிப் பேர் முழிப்பாங்க. உங்களுக்கு எப்படித் தோணிச்சு?

— நான் அடிபட்டவன்டி. பதினேழாவது ஸ்டாண்டுல பால் பண்ணைக்காரர் பம்பு இருந்தது. ஓனரே வந்து எடுத்துட்டுப் போயிட்டார். டோக்கன் மட்டும் அவங்க ஆளு சட்டைப் பையிலேயே தங்கிடுச்சு. அதே ஸ்டாண்டுல நாம ஆஸ்பத்திரி பம்பை ஏத்தினோம். மறுநாள் அந்த ஆளு விஷயம் தெரியாம வந்து டோக்கனை நீட்டினான். நம்மாளும் தூக்கிக் குடுத்துட்டான். ஆஸ்பத்திரி பம்பு போய் மாடு குளிப்பாட்டிக்கிட்டிருந்தது.

— ஆஸ்பத்திரியில?

— ரெண்டு நாள் லாரித் தண்ணி. என் சித்தப்பாதான் அப்ப ஷெட்டைப் பார்த்துக்கிட்டிருந்தார். பெரிய டாக்டர் அவரைக் கேட்ட கேள்வியில அவருக்கே வைத்தியம் தேவைப்பட்டது. அன்னிக்குத்தான் டோக்கன்ல மூணாவதா ஒண்ணு சேர்த்தேன். அந்த ஸ்டாண்டுக்கு வந்ததுல இது எத்தனாவது பம்புங்கிற கணக்கு.

— கெர்னலும் அதையேதான் பண்ணுது பெரியப்பா! எந்த டிஸ்க், எந்த நம்பர், அந்த நம்பருக்கு இது எத்தனாவது ஃபைல். மூணும் ஒத்துப் போனாத்தான் கிட்டவே விடும்.

— நிஜமாவா?

— சத்தியமா.

— நான் சேர்த்து முப்பது வருஷம் ஆச்சு. அவங்க எப்பச் சேர்த்தாங்கன்னு விசாரி. யாரைப் பார்த்து யாரு செஞ்சாங்கன்னு தெரியணும்.

— ஐயா, மணி பத்தே முக்கால். ஒரு வழி சொல்லட்டுங்களா? அந்த ஒரு தாளை முந்நூறுலயும் பிளேடு போட்டு எடுத்துடறேன். நாலு ஆளு உக்காந்தா ஒரு மணி நேரம். வண்டியை நிறுத்தி வெச்சுக்கலாம்.

— நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்து மூணு வருமே?

— ஆமாங்க. எண்ணிப் பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

— சின்னத் தாத்தா எண்ணுவார் பெரியப்பா.

— வேண்டாம். பல்லு விழுந்த வாய் மாதிரி ஒரு புத்தகத்தை நம்ம கம்பெனி பேர்ல குடுக்கிறதா? எதையோ கிழிச்சு ஒளிச்ச குடும்பம்னு ஊர் பேசும். இது இருக்கிறதை விட அது கேவலம்.

— அப்போ?

— இரு. நான் கேக்கிறதுக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு. ஃபைலை நான் ஒளிச்சேன்.

— ஆமா.

— பேரையும் மாத்தினேன்.

— ஆமா. கரண்ட் பில்.

— என்ன பேருங்கிறது சபைக்கு வேண்டாம். குடுத்த வாக்கைக் காப்பாத்த ஒரு மனுஷன் இதுக்கு மேல என்ன செய்ய முடியும்?

— அழிச்சிருக்கலாம்.

— அதிகப்பிரசங்கி. ஆமா, இல்லைன்னு சொல்லுன்னேன். சரி, நான் இவ்வளவு செஞ்சும் அந்தப் பக்கத்தை உள்ளே விட்டது யாரு?

— கெர்னல்.

— அது செஞ்சது தப்பா?

— தப்பே இல்லை. டோக்கன் சரியா இருந்தது, விட்டுடுச்சு.

— நம்ம ஷெட்டு ஃபோர்மனா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பான். அப்ப இதுல யார் மேலயும் குத்தம் சொல்ல முடியாது. இதை இப்படியே சாயங்காலம் சின்னத் தாத்தாவுக்கு நீ எடுத்துச் சொல்லணும்.

— நானா? நீங்க பக்கத்தில இருப்பீங்கல்ல?

— இருப்பேன். பேச மாட்டேன். ஆரம்பிக்கிறப்பவே அந்த ஆஸ்பத்திரி பம்பு கதையை எடுத்துடு. அதைக் கேட்டாலே அவர் வேற எதுவும் கேக்காம தண்ணி குடிக்கப் போயிடுவார்.

— பெரியப்பா, நீங்க பம்பு கம்பெனி நடத்த வேண்டியவரே இல்லை. கோர்ட்டுக்குப் போயிருக்கணும்.

— கட்டுங்க அச்சகக்காரரே. முந்நூறும் போகட்டும்.

— அப்பாடா! வயித்தில பாலை வார்த்தீங்க ஐயா. இதோ, அஞ்சே நிமிஷம். டேய் கயிறு, கயிறு எங்கே?

— நிஜமாவா பெரியப்பா? அப்பா காலையிலேருந்து மாடியை விட்டு இறங்கவே இல்லை. உங்க செருப்புச் சத்தம் கேட்டா பாத்ரூமுக்குள்ள போயிடறார்.

— இறங்கி வரச் சொல்லு. இஸ்திரி போட்ட சட்டையாப் போட்டுக்கச் சொல்லு. அவன் சட்டையும் அவன் தலையும்.

— அத்தைக்கு ஒரு புத்தகம் அனுப்பட்டுமா? படிச்சா அழுவாங்க.

— அனுப்பு. படிக்கிறவ முழுசாப் படிக்கட்டும். நீயே பாதியில நிறுத்திட்டே.

— நீங்கதானே போதும்னீங்க?

— வெளியாள் நின்னுக்கிட்டிருந்தார். இப்பப் பக்கத்தைத் திருப்பு.

— "அந்த விடிகாலையில் அவள் தனியாகத்தான் வீட்டை விட்டுப் போனாள் என்று எங்கள் குடும்பத்தில் எல்லாரும் நம்புகிறார்கள். தனியாகப் போகவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை கூடவே நடந்தவன் நான். ரயில் கண்ணை விட்டு மறைகிற வரை நின்றேன்." பெரியப்பா! இது அப்பாவுக்குத் தெரியவே தெரியாதே. அவர் எப்படி எழுதினார்?

— அவன் எப்படி எழுதுவான்? அவனுக்குப் பத்து வயசு, தூங்கிட்டிருந்தான். நேத்து ஃபைலை இங்கே அச்சகத்துக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி திறந்து, அந்த நாலு வரியை எழுதிச் சேர்த்தது நான்.