எழுபத்தி மூணுலயே நிக்குது

தொண்ணூத்தி ஏழுண்ணே! எழுபது எம்பதுன்னு நெனச்சுக்காதீங்க, தொண்ணூத்தி ஏழு டிகிரி! இன்னும் மூணு ஏறினா தண்ணியே கொதிச்சிடும். ஒரு கம்ப்யூட்டர் ப்ராசஸர் அந்தச் சூட்ட எத்தன நாள் தாங்கும், சொல்லுங்க? இல்ல, நீங்க சொல்ல வேணாம், உங்க கடையிலயே டெஸ்ட் ஓடட்டும். அஞ்சு நிமிஷம் பொறுங்க, சும்மா ஜிவ்வுன்னு ஏறும் பாருங்க.

இப்ப எவ்வளவு? அறுபத்தி ஒம்போதா? ம்... இப்பதான ஆரம்பிச்சிருக்கு.

என் வேலை என்னன்னா, கட்டடம் எழும்புறதுக்கு முன்னாடியே அது எப்படி இருக்கும்னு படமாக் காட்டுறது. கண்ணாடியில வெயில் படுறது, படிக்கட்டுல நிழல் விழுறது, எல்லாம் நெசம் மாதிரியே இருக்கும். ஒரு படத்துக்கு மெஷின் ஒம்போது மணி நேரம் உக்காந்து கணக்குப் போடும். அதப் பாத்துட்டு என் தம்பி, அவனுக்கு ஆபீஸ்கள்ல கம்ப்யூட்டர் பாத்துக்கிற வேலை, "அக்கா, கம்பெனிக்காரன் வெச்ச வேகத்துக்கு மேல கொஞ்சம் கூட்டி ஓட்டலாம், ஓவர்கிளாக்னு பேரு. ஆனா சூடு ஏறும், அத மட்டும் பாத்துக்க"ன்னான். செஞ்சும் குடுத்தான். ஆறரை மணி நேரத்துல முடிஞ்சது. நல்லதச் சொல்லணும்ல, ஒரு வருஷம் ஜம்முனு ஓடுச்சு.

அப்புறம் புடிச்சது பாருங்க சனி! சூடுன்னா அப்படியொரு சூடு. சூடு ஏறினா அது தன்னக் காப்பாத்திக்கறதுக்காகத் தானே வேகத்தக் கொறச்சுக்குமாம். நமக்கு இல்லாத புத்தி அதுக்கு! ஆறரை மணி நேர வேலை பதினோரு மணி நேரமாச்சு. ஓவர்கிளாக்கே பண்ணாதப்ப ஒம்போதுதாண்ணே. குழந்தைங்க ஆஸ்பத்திரி ஒண்ணு, எட்டு மாடி, அந்தப் படம் சொன்ன நாளுக்குப் போகல. படம் கேட்ட இன்ஜினியர் வேற ஆளப் பாத்துக்கிட்டார். என்கிட்ட ஒரு வார்த்த கோவிச்சுக்கல, அதுதான் இன்னும் வயித்தெரிச்சல்.

எவ்வளவு? எழுபத்தி ரெண்டா... ஏறும், ஏறும்.

தம்பியக் கூப்புட்டேன். வந்தான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்தான், அதுல ஒண்ணும் கொற இல்ல. பேஸ்ட்ட மாத்தினான். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட்... உங்களுக்கே சொல்றேன் பாருங்க. மூணு தடவ மாத்தினான். வோல்டேஜக் கொறச்சான். அந்தா இருக்கே, செங்கல் தண்டி கூலர், அது அவன் பாத்து வாங்குனதுதான். "தண்ணி ஓடுற கூலர் வெக்கலாமாக்கா?"ன்னான். கரண்டு இருக்கிற எடத்துல தண்ணியான்னு கேட்டேன். நான் காத்துல ஆறுறதுதான் நல்லதுன்னு சொல்ற ஆளு.

இதுல கூத்து என்னன்னா, அவன் வந்தா மட்டும் சூடு ஏறாது! டாக்டர் மூஞ்சியப் பாத்ததும் காய்ச்சல் எறங்குற மாதிரி. அவனுக்கு முதுகு வலி, குனிய முடியாது. அதனால நான்தான் இதத் தூக்கிட்டு வந்து சாப்பாட்டு மேசையில வெப்பேன். அவன் ஓட விடுவான். எழுபத்தி ரெண்டு, எழுபத்தி மூணு. "எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா"ம்பான். அவன் போன மறுநாளே தொண்ணூத்தி ஏழு.

எனக்கு எப்படி இருக்கும்? கடைசியா வந்தப்ப அவன் மாமனாரும் கூட வந்திருந்தார். "சரியாத்தான் இருக்கு"ன்னு மறுபடி சொன்னான் பாருங்க... சுருக்குன்னு ஏறிடுச்சு. நொண்டிக் குதிரைக்குச் சறுக்குனது சாக்குன்னேன். எட்டு வருஷமா இந்த வேலை பாத்து என்னத்தடா கிழிச்சேன்னேன். மாமனார் முன்னாடி. அந்த மனுஷன் பாவம், டம்ளருக்குள்ளயே பாத்துட்டு இருந்தார்.

தம்பி ஸ்க்ரூவெல்லாம் ஒண்ணு விடாம மாட்டினான், கையத் தொடச்சான், கெளம்பிட்டான். ரெண்டு மாசம் ஆச்சு. போன் இல்ல. வர்ற வியாழக்கெழம வேற ஊருக்கு மாத்தலாகிப் போறானாம். அவன் பொண்டாட்டி சொல்லித்தான் எனக்கே தெரியும். கூடப் பொறந்தவ நான், எனக்கு மூணாம் மனுஷிக்கு வர்ற மாதிரி சேதி வருது.

எவ்வளவு ஆச்சு? எழுபத்தி மூணு... இவ்வளவு நேரம் ஓடியுமா? உங்க மீட்டர் சரியாத்தான இருக்கு?

என்ன? எங்க வெச்சிருக்கேனா? வீட்டுலதான்.

வீட்டுல எங்கேன்னா... ரூம்ல. ரூம்ல எங்கேன்னா, துணி அலமாரியில. பின்ன எங்கண்ணே வெக்கிறது? எங்க வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுறவர். இப்ப ராத்திரி ட்யூட்டி, பகல்லதான் தூங்குவார். இதுக்குள்ள இருக்கிற ஃபேனு போடுற எரைச்சல்ல மனுஷன் கண் மூட முடியுமா? தூக்கம் இல்லாம வண்டி ஓட்ட விடலாமா? ஒயருக்கு ஒரு ஓட்டை போட்டு உள்ள வெச்சுட்டேன்.

கதவா? சாத்தித்தான் இருக்கும். சாத்தலன்னா சத்தம் வருமே.

மேலயா... ரெண்டு போர்வை கெடக்கும். கம்பளிதான்.

ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க?

எப்ப இருந்துன்னா, அவருக்கு ட்யூட்டி மாறினதுல இருந்து. அது... இருங்க... அந்த ஆஸ்பத்திரிப் படத்துக்கு ஒரு மாசம் முன்னாடி...

அதாவது, அது விட்ட அனலையே அது திரும்ப இழுத்துக்கிட்டு கெடந்துச்சுங்கிறீங்க. ம். தம்பி வரும்போதெல்லாம் மேசையில காத்தாட இருந்துச்சு.

இல்ல, அவன்கிட்ட சொல்லல. சொல்ற விஷயமா அது? அலமாரின்னா அலமாரி. அவன் கேக்கவும் இல்ல... கேட்டாண்ணே. ஒரு தடவ கேட்டான். "எப்பவும் இங்கதான் வெச்சிருப்பியா?"ன்னான். நான்தான் வேலையப் பாருடான்னேன்.

அத அணைச்சுடுங்க. ஒரு நிமிஷம், போன் பண்ணிக்கிறேன்... நீங்க போகாதீங்க, நில்லுங்க. நீங்க நின்னாத்தான் நான் பேசுவேன்.

அடிக்குது.

டேய், நான்தான். வெச்சுடாத. சாப்டியா... சரி. கம்ப்யூட்டர் கடையில இருக்கேன். எழுபத்தி மூணுடா. ஆமா, நீ சொன்னதுதான். எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான்தான் அத அலமாரிக்குள்ள வெச்சிருந்தேன். கதவச் சாத்தி. இல்ல, வெளையாட்டு இல்ல. மேல கம்பளி. ரெண்டு... உன் மாமனார்கிட்டயும் நானே வந்து சொல்லிடறேன், தப்பு என்னுதுன்னு. டேய்... லைன்ல இருக்கியா?

சிரிக்கிறாண்ணே. மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறான். பொண்டாட்டியக் கூப்புட்டுச் சொல்றான்.

சிரிச்சு முடிச்சதும் திட்டுவான். திட்டட்டும்.